‘அஞ்சும்’ என்ற சொல்

அத்தானுக்கு இரண்டு கெட்ட பழக்கங்கள் இருந்தன. சாப்பாட்டு மேசையில் விரலால் தாளம் போடுவார். அடுத்தவர் பேசினால் விஷயத்தை விட்டுவிட்டு அசையை எண்ணுவார். “உப்பு கொஞ்சம் எடுங்க” என்று கேட்டால் “ஆறு” என்பார். உப்பு வராது.

எங்கள் ஊர்ப் பிரெஸ்பிடேரியன் சபைக்கு அவர்தான் போதகர். நான் அவருக்கு மச்சினி. வாரநாளில் பெண்கள் பள்ளியில் சங்கீத டீச்சர், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஆர்கன். கல்யாணம் என்று ஒன்று எனக்கு அமையாததால், போதகருக்கென்று சபை கொடுத்திருந்த குருமனையில், பின்பக்க அறையில் அக்காவோடும் அத்தானோடும் இருந்தேன். அவர் பாட்டு எழுதுவார். நான் வாசித்துப் பார்த்து, “இந்த வரி வாயில நுழையாது அத்தான், பல்லுதான் உடையும்” என்பேன். ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். மறுநாள் மாற்றிக்கொண்டு வருவார். அப்படி உருவான பதினோரு பாட்டுகள் எங்கள் சபைப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கின்றன.

மனிதனை மனிதன் கொல்லக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும் கூடாது என்பது அவர் கட்சி. போர் வந்ததும் முளைத்த எண்ணம் இல்லை அது. இருபது வருஷமாகப் பிரசங்கத்தில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். சர்க்கரை போடாமல் காப்பி குடிக்கிறவரை விடுவதைப் போல, அவர் வழக்கம் அது என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். அமைதிக் காலத்தில் அதனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

போர் வந்த இரண்டாம் மாதம், ஆள் சேர்க்கும் அறிவிப்பு ஒன்று எல்லா ஆலயங்களுக்கும் வந்தது. ஆராதனையில் வாசிக்க வேண்டும் என்று உத்தரவு. அந்த ஞாயிறு அத்தான் வழக்கம்போல அறிவிப்புகளை வாசித்தார். புதன்கிழமை பெண்கள் கூட்டம். மூன்றாம் வரிசையில் யாரோ விட்டுப்போன குடை. பிறகு அந்தத் தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“இன்னொரு அறிவிப்பு வந்திருக்கு. அதை நான் வாசிக்கப்போறதில்ல. இருபத்திமூணாம் பாட்டு.”

நான் இருபத்திமூன்றாம் பாட்டை வாசித்தேன். பாதிப் பேர்தான் பாடினார்கள்.

சாயங்காலமே சபையை நடத்தும் மூப்பர்கள் ஆறு பேரும் குருமனை முன்னறைக்கு வந்துவிட்டார்கள். நான்தான் காப்பி கொண்டுபோனேன், அதனால் பேசியது எனக்குத் தெரியும். பேசியவர் பேக்கரி மூப்பர். எங்கள் தெரு முனையில் அவருடைய ரொட்டிக்கடை. கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும்.

“ஐயா, நீங்க அதை ஒத்துக்க வேண்டாம். வாசிச்சா மட்டும் போதும்.”

“என் குரல்ல போகுமே மூப்பரே. உங்க பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த குரல் இது.”

“அப்ப எதிராளி வந்து நம்மள வெட்டட்டும், நாம பாட்டுப் பாடிக்கிட்டு இருக்கணுமா?”

அத்தான் காப்பியைக் கீழே வைத்தார். “அதுக்கு நல்ல பதிலை எத்தனையோ வருஷமா தேடிக்கிட்டுதான் இருக்கேன். ஆனா போய்க் கொல்லுன்னு சொல்ல எனக்கு வாய் வராது.”

உண்மையைச் சொன்னால், மூப்பர் பேச்சில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. எல்லையோர ஊர்களில் நடந்ததெல்லாம் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த நேரம் அது. அத்தானிடமும் சொன்னேன். “சரி” என்றார்.

மூப்பர்கள் மேலிடத்துக்கு எழுதினார்கள். பன்னிரண்டு ஊர்ச் சபைகளுக்கும் பொதுவாக ஒரு மன்றம் உண்டு, போதகரை வைப்பதும் எடுப்பதும் அதன் கையில். பதில் வருவதற்குள் இன்னொன்று நடந்தது.

பேக்கரி மூப்பரின் கடைசி மகனுக்கு விசில் என்று பட்டப்பெயர். இருபத்தொரு வயது. அடுப்பில் ரொட்டித் தட்டை உள்ளே தள்ளும்போதும் சீட்டியடிப்பான், வெளியே இழுக்கும்போதும் சீட்டியடிப்பான். முன்கையெல்லாம் சூட்டுத் தழும்பு. எங்கள் பாடகர் குழுவில் ஆண்களின் மேல்ஸ்தாயியில் பாடும் ஒரே டெனர் குரல் அவனுடையது, அதுவும் அவனுக்குத் தெரியும் என்பதால் ஒத்திகைக்கு நேரத்துக்கு வரமாட்டான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவன் குருமனைக்கு வந்தான். பக்கத்து அறையில் நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

“ஐயா, ஒண்ணு கேக்கணும்.”

“பட்டாளத்துல சேர்றதைப் பத்தியா?”

“ஆமாங்கய்யா. அப்பா...”

அதற்கு மேல் அத்தான் அவனைப் பேசவிடவில்லை. பேச ஆரம்பித்தார். மலைப்பிரசங்கத்தில் தொடங்கினார், ஆதிச் சபையில் ஆயுதம் தொட மறுத்தவர்களைச் சொன்னார், போர்கள் ஒவ்வொன்றாக எடுத்து எது எதைச் சாதித்தது என்று கேட்டார். நன்றாகத்தான் பேசினார், நான் திருத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்கும் அளவுக்கு. ஒரு மணி நேரம் ஆயிற்று. விசில் நடுநடுவே “சரிங்கய்யா” என்றான். கடைசியிலும் “சரிங்கய்யா” என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். என்ன கேட்க வந்தான் என்பதை யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை போய்ப் பெயர் கொடுத்துவிட்டான். பத்து நாளில் புறப்பட்டான். ஆலய வாசலில் சபையே நின்று வழியனுப்பியது. பாடகர் குழு பாடியது. நான் கைக்குட்டையை ஆட்டினேன். அத்தானும் வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மன்றத்தின் கடிதம் அடுத்த வாரம் வந்தது. மொத்தம் ஆறு வரி. போதக ஊழியத்திலிருந்து நிறுத்தி வைக்கப்படுகிறார், முப்பது நாளில் குருமனையைக் காலி செய்ய வேண்டும். அக்கா அழவில்லை. பரணிலிருந்து பெட்டிகளை இறக்கினாள்.

“பாத்திரம் இதுல. புத்தகம் இதுல. உங்க கொள்கை எந்தப் பெட்டியில போகணும்? அதையும் சொல்லிட்டா கட்டிடுவேன்.”

“அதை நான் கையில எடுத்துக்கறேன்” என்றார் அத்தான். அந்த மாதத்தில் அக்கா சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் மாடியில் இரண்டு அறை கிடைத்தது. அரசு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அத்தானுக்கு வேலை கிடைத்தது. காயம்பட்டவர்களை ரயிலில் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்த காலம், படுக்கை விரிப்பு துவைக்க ஆள் போதவில்லை. ஐம்பது வயதில் ஈரத் துணி மூட்டையைத் தோளில் தூக்கப் பழகினார். சலவைச் சோடா பட்டு விரல் நகங்களெல்லாம் வெளுத்துப்போயின. இரத்தக் கறைக்குப் பச்சைத்தண்ணீர்தான், வெந்நீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும் என்று எங்களுக்குப் பாடம் எடுப்பார்.

நான் ஆர்கனை விடவில்லை. “அவரை வெளியே தள்ளின இடத்துல போய் உக்காந்து வாசிப்பியா?” என்று கேட்ட அக்கா, இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அத்தான்தான் சமாதானம் செய்தார். “அவ வாசிக்கறது என் பாட்டைத்தானே. அங்க என்னை எடுத்துட்டாங்க, பாட்டை எடுக்கல.” உண்மைதான். ஒரு மூப்பர் அதையும் எடுத்துவிடலாம் என்றாராம். பிறகு அடக்க ஆராதனைக்குப் பாட்டே மிஞ்சாது என்று இன்னொருவர் கணக்குச் சொன்னதும் பேச்சு நின்றுபோயிற்று.

விசில் போன எட்டாம் மாதம் செய்தி வந்தது. உடல் வரவில்லை.

நான்காம் நாள், அத்தானுக்குச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துக்கொண்டு சலவைப் பிரிவுக்குப் போயிருந்தேன். பெரிய உருளை மிஷின்கள் மூன்று ஓடிக்கொண்டிருந்தன. ஆவியில் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. பேக்கரி மூப்பர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

“ஐயா, பையன் போயிட்டான்.”

மிஷின் சத்தத்தில் அத்தானுக்குக் கேட்கவில்லை. “என்ன?” என்றார்.

மூப்பர் இரண்டாம் தடவையும் சொல்ல வேண்டியதாயிற்று. இந்தத் தடவை கத்திச் சொன்னார். மிஷின்காரம்மா ஒவ்வொன்றாக மூன்றையும் நிறுத்தினாள்.

“தெரியும். நானே வீட்டுக்கு வரணும்னு இருந்தேன். வந்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமோன்னு...”

“கஷ்டமாத்தான் இருந்திருக்கும்” என்றார் மூப்பர். “வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்தது நினைவு ஆராதனை. ஒரு பாட்டு வேணும். அவங்கம்மா கேக்கறா. நான் கேக்கல.”

“அவனைப் பத்திச் சொல்லுங்க.”

“அதான் தெரியுமே உங்களுக்கு.”

“தெரியாது. அதனாலதான் கேக்கறேன்.”

அடுத்த மூன்று நாளும் வேலை முடிந்ததும் அத்தான் பேக்கரியின் பின்னறையில் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தாளம்கூடப் போடவில்லை. வேலைக்கார அண்ணன் ஒருவர், முதல் தட்டு ரொட்டியை விசில் தினமும் கருக்கிவிடுவான், இரண்டாவதிலிருந்து சரியாக வரும் என்றார். அது முதல் சரணத்தில் வந்தது. சீட்டி இரண்டாவதில் வந்தது. மூன்றாவது இப்படி:

வாசல் வரை நாங்கள் வந்தோம்,
வாழ்த்துச் சொல்லிக் கையசைத்தோம்;
அஞ்சும் கண்ணை நாங்கள் பாரோம்;
ஆண்டவா, பொறுத்தருளும்.

ஆராதனைக்கு நாலு நாள் முன்னால், அதே பின்னறையில் நான் பாடிக் காட்டினேன். மூப்பரும் அவர் மனைவி பேக்கரியம்மாவும் நின்றுகொண்டே கேட்டார்கள். மூன்றாம் சரணம் முடிந்ததும் மூப்பர் குரல் இறங்கிவிட்டது.

“அஞ்சும்னா? என் பையன் பயந்தான்னு ஊரே பாடணுமா?”

“மூப்பரே...”

“எங்களுக்கு எதிரா எழுதறதுக்கு இதுதான் நேரமா ஐயா? அவன் தானாப் போனான். நிமிர்ந்து போனான்.”

“உங்களுக்கு எதிரா எழுதல. ‘நாங்கள்’னுதான் எழுதியிருக்கேன், அதுல நான்தான் முதல் ஆள்.” அத்தான் அந்தச் சனிக்கிழமையைச் சொன்னார். ஒன்றையும் விடாமல் சொன்னார். “கேக்க வந்தவனை உக்கார வெச்சு ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணினேன். அவன் கண்ணுல பயம் இருந்தது. பாத்தேன். பாத்துக்கிட்டே பேசினேன். போகாதேன்னு நான் சொன்னேன், போன்னு நீங்க சொன்னீங்க. அவன் என்ன சொல்ல வந்தான்னு ரெண்டு பேருமே கேக்கல.”

மூப்பர் அவரை அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். பேக்கரியம்மா இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“பயந்தான்” என்றாள். “புறப்படற அன்னிக்குக் காலையில அடுப்படியில வந்து என்கிட்ட சொன்னான். அம்மா, பயமா இருக்குன்னான். போயிட்டு வா, எல்லாம் சரியாயிடும்னேன். நான் வேற என்ன சொல்றது?” பிறகு புருஷனைப் பார்த்து, “அது அப்படியே இருக்கட்டும்” என்றாள்.

மூப்பர் முன்பக்கம் கடைக்குப் போய்விட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆராதனை அன்று ஆலயம் நிரம்பியிருந்தது. புதிதாக வந்திருந்த இளம் போதகர், தட்டச்சு செய்த பாட்டுத் தாள்களைத் தானே வாசலில் நின்று கொடுத்தார். பயந்த சுபாவம், ஆனாலும் தடுக்கவில்லை. அத்தான் கடைசி பெஞ்சில் அக்காவோடு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் சரணத்தின்போது இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள், இரண்டு பேருக்குமே பிள்ளைகள் பட்டாளத்தில். மற்றவர்கள் பாடினார்கள். பேக்கரியம்மா சத்தமாகவே பாடினாள், சுருதி சேரவில்லை. மூப்பர் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் அசையவில்லை. எனக்கு டெனர் வரவேண்டிய இடங்கள்தான் காதில் விழுந்துகொண்டிருந்தன.

இதற்குப் பிறகு அத்தானும் மூப்பரும் நண்பர்களாகிவிட்டார்கள் என்று சொன்னால் பொய். தெருவில் பார்த்தால் தலையசைப்பார்கள். ஒரு தடவை மூப்பர் என்னிடம், “உங்க அத்தான் சொன்னது இப்பவும் தப்புதான் தங்கச்சி. பாட்டு சரி” என்றார். அத்தானிடம் சொன்னேன். “பாதி போதும்” என்றார்.

போர் முடிந்தது. மன்றம் தடையை நீக்கியது, ஆனால் எங்கள் சபை அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாற்பது பேர் கொண்ட ஒரு சின்ன சபை கூப்பிட்டது. வாரத்தில் நாலு நாள் சலவை, மீதி நாள் போதகம் என்று பதினெட்டு வருஷம் ஓட்டினார்.

நடுவில் புதிய பாட்டுப் புத்தகம் தயாரித்த குழுவிடமிருந்து ஒரு கடிதம். விசிலின் பாட்டைச் சேர்க்க விருப்பம், ஒரே ஒரு சிறு திருத்தம், ‘அஞ்சும்’ என்பதை ‘அஞ்சா’ என்று மாற்றினால் சந்தமும் கெடாது, வீரர்களின் குடும்பங்களுக்கும் ஆறுதலாக இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். அத்தான் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

“சந்தம் கெடாதுதான். மோனைகூடக் கெடாது. கெட்டிக்காரங்கதான்” என்றார். “ஆனா அஞ்சாத கண்ணைப் பாக்காம விட்டதுக்கு எதுக்குய்யா மன்னிப்பு? அது தானே பாத்துக்குமே.”

அப்படியே போடுங்கள், இல்லையென்றால் வேண்டாம் என்று பதில் போட்டார். அவர்கள் போடவில்லை. அதனால் அந்தப் பாட்டு இரண்டே சபைகளில், தட்டச்சுத் தாளில்தான் இருக்கிறது. தாள் கிழிந்தால் பேக்கரியம்மா புதிதாக அடித்துக்கொண்டு வந்து கொடுப்பாள்.

அறுபத்தொன்பதாம் வயதில் நெஞ்சில் சளி கட்டி அத்தான் படுத்தார். ஆஸ்பத்திரியில் இரண்டாம் வார்டு. விரிப்பை விரலால் தடவிப் பார்த்து, சரியாக அலசவில்லை என்று குறை சொன்னார். தன் அடக்க ஆராதனைக்கு ஒரு தாளில் குறிப்பு எழுதி வைத்திருந்தார். பிரசங்கம் பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. தன் பாட்டு எதையும் பாடக் கூடாது. படுத்துக்கொண்டே சொந்தப் பாட்டைக் கேட்பது கூச்சமாக இருக்கும் என்று காரணமும் எழுதியிருந்தார்.

அவர் போன பிறகு, பிரசங்கத்தை அக்கா எட்டு நிமிடத்தில் முடிக்கச் சொன்னாள். பாட்டு விஷயத்தை ஒத்துக்கொள்ளவில்லை.

“உயிரோட இருக்கறப்ப அவர் சொன்னதை எல்லாம் கேட்டேன். வீட்டையே காலி பண்ணினேன். போதும்” என்றாள்.

ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக அவர் எழுதிய மழைப் பாட்டு ஒன்று உண்டு. தவளையும் குடையும் வரும், ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் கை தட்ட வேண்டும். அதைத்தான் அக்கா தேர்ந்தெடுத்தாள். அந்தச் சின்ன ஆலயத்தில் ஆர்கன் கிடையாது, நான் கையால் தாளம் காட்டினேன். சலவைப் பிரிவுக்காரர்கள் பன்னிரண்டு பேர், நாற்பது சபையார், பேக்கரி மூப்பர் குடும்பம், எல்லாரும் கறுப்பு உடையில் நின்று தவளைப் பாட்டுப் பாடிக் கை தட்டினோம். இரண்டாம் சரணத்தில் யாரோ சீக்கிரம் தட்டிவிட்டார்கள். அக்கா திரும்பி முறைத்தாள்.