எப்படிப் பேசுது?

"லெக்காஸ்! லெக்காஸ்லா!"

ரிக்‌ஷாவின் விளிம்பைத் தட்டித் தட்டி, சீக்கிரம் போகச் சொல்லி மலாயில் கத்தினான் ஜலாலுதீன். இழுத்துக்கொண்டு ஓடிய சீனர் திரும்பிப் பார்க்கவில்லை. காலாங் பாலத்து மேட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஓர் எட்டு நீட்டிப் போட்டார்.

மடியில் கிட்டார். உறைகூட இல்லை. வெள்ளைக்கார ராஜாவின் முடிசூட்டு விழாவுக்குப் போடவிருந்த மலாய் நாடகத்துக்குக் கேலாங் கொட்டகையில் ஒத்திகை. பாதிப் பாட்டில் ஆள் வந்து காதில் சொன்னான்:

"வாப்பா மவுத்தாயிட்டாங்க. லுஹர் தொழுகையோட அடக்கம்."

அப்படியே எழுந்து ஓடிவந்துவிட்டான். சூரியன் உச்சிக்கு ஏற இன்னும் ஒன்றரை மணி நேரம்தான்.

பன்னிரண்டு வருடமாக அவன் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. தேக்காவில் ஆட்டிறைச்சிக் கடை வைத்திருந்த வாப்பா அப்துல் அலீம், பள்ளிவாசல் தெருவில் நாலு பேர் பார்க்கச் சொன்னார்: "இவன் கட்டையத் தட்டுற சத்தம் இனி என் காதுல விழாது. இது சத்தியம்." சொன்னார், சொன்னதில் நின்றார். எதிரே மகன் வந்தால் தெருவின் அந்தப் பக்கம் மாறிப் போய்விடுவார்.

அந்தக் கோபத்தோடேயே கண்ணை மூடிவிட்டாரா? ஜலாலுதீனுக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான்.

குனிந்து பார்த்தான். இடதுகை விரல்கள் தாமாகவே நரம்புகளின் மேல் ஓடிக்கொண்டிருந்தன. காலை ஒத்திகையில் பிடிபடாத அதே இடம். வாப்பா போன அன்றைக்குமா! சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

ஆனால் அவனுக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். வராத இடத்தை விடியற்காலையில் நாற்பது தடவை வாசிப்பது. மறுநாள் நாற்பது. எந்த நாள் வரும் என்று கேட்கக்கூடாது. முதல் இரண்டு வருடம் அவன் வாசித்ததை அவனாலேயே கேட்க முடியவில்லை. விரல் வெடித்தது. நரம்பும் மகா மட்டம். ஒரு முனை தடிப்பு, ஒரு முனை இளைப்பு. மேல்கட்டையில் விரல் வைத்தால் சுருதி விலகி ஊளையிடும்.

நரம்பு கொண்டுவந்து கொடுப்பவர் ஒலி முகம்மது. வாப்பா கடையில் இருபது வருடமாக வேலை பார்ப்பவர். யாரோ கப்பல்காரன் தருகிறான் என்பார். மாதம் ஒருமுறை வாப்பாவுக்குத் தெரியாமல் வருவார், கொட்டகையில் கடைசி வரிசையில் உட்காருவார், முடிந்ததும் தவறாமல் கேட்பார்: "எப்படிப் பேசுது?"

"இதைத் திரிச்சவனுக்குக் கை நடுக்கமா மாமா? முறுக்கே பத்தல" என்று எரிந்து விழுவான் இவன். அவர் தலையாட்டிக்கொண்டே போவார்.

போகப்போக நரம்பு பேசியது. இந்த இரண்டு மூன்று வருடமாகப் பாடவே பாடியது. நம் கை தேறிவிட்டது என்று ஜலாலுதீன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

ரிக்‌ஷா நின்றது. வாசலில் தங்கை ரபியா. அழுது சிவந்த கண்கள் முதலில் பார்த்தது கிட்டாரைத்தான்.

"அதை வெளியவே வைங்க நானா. இன்னைக்கு மட்டுமாவது."

வாசல் தூணில் சாய்த்துவிட்டு உள்ளே போனான்.

கொல்லையில் திரை கட்டி, குளிப்பாட்ட மய்யித்தைக் கிடத்தியிருந்தார்கள். ஒலி முகம்மது தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"மகன் வராம முதல் தண்ணி ஊத்த மாட்டேன்னுட்டேன். குளிப்பாட்ட வந்த லெப்பைக்கு என் மேல கோவம். ஊத்து தம்பி."

ஊற்றினான். தலை, தோள், கை. வாப்பாவின் கையைத் தொட்டே பன்னிரண்டு வருடம். சுட்டுவிரலிலும் கட்டைவிரலிலும் நூல் வைத்து அறுத்தது போல் வரி வரியாகத் தழும்பு. சாம்பல் வாசனை அடித்தது. ஆடு கட்டும் கயிறு உரசியதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"மாமா, கடைசியா என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

"சொல்லல. ஒண்ணு கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"முதல்ல அனுப்பி வைப்போம். தண்ணிய ஊத்து."

தொழுகை முடிந்தது. சந்தூக்குப் பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் வாங்கிக்கொண்டான். யாரும் தடுக்கவில்லை. மூன்று பிடி மண் போட்டான். திரும்பி வரும்போது வானம் கறுத்திருந்தது.

வீட்டுக்குள் போகவிருந்தவனின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார் ஒலி முகம்மது. "இப்படி வா." ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த சின்ன அறை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார்.

உள்ளே சாம்பல் தண்ணீர்ப் பானை. மழுங்கிய கத்தி. சுவரோரம் ஒரு கூடையில் உதவாதவை என்று ஒதுக்கிய நரம்புச் சுருள்கள், நூறு இருக்கும். ஒரு முனை தடிப்பு, ஒரு முனை இளைப்பு.

உத்தரத்திலிருந்து ஒரே ஒரு நரம்பு தொங்கியது. அதன் அடியில் இறைச்சி நிறுக்கிற ஒரு ராத்தல் படிக்கல்.

ஜலாலுதீன் கூடையிலிருந்து ஒரு சுருளை எடுத்தான். "கப்பல்காரன்னீங்களே மாமா..."

"கப்பலாவது! வாப்பாதான் ஆட்டுக்குடலை அலசி, சுரண்டி, ஊறப்போட்டு, விரல் அறுபட அறுபட முறுக்குவாங்க. கெட்டுப்போனா திரும்ப. நீ திட்டினதை ஒரு வார்த்தை விடாம வந்து சொல்லணும் எனக்கு. 'எனக்குக் கை நடுக்கமாம்ல'ன்னு சிரிப்பாங்க. மறுநாள் விடியறதுக்குள்ள இங்க உக்காந்திருப்பாங்க."

"அப்ப அந்தச் சத்தியம்?"

"மீறலியே. ஒருநாளும் உன் வாசிப்பைக் கேக்கல. கேக்கற வேலைக்குத்தான் என்னை வச்சிருந்தாங்க."

வெளியே தூறல் விழுந்தது. ரபியா கிட்டாரை முந்தானையால் மூடித் தூக்கிக்கொண்டு வந்தாள். வாசலைத் தாண்டி, நடு வீட்டைத் தாண்டி, அறைக்குள் கொண்டுவந்து சுவரில் சாய்த்தாள். "நனையுது" என்றாள்.

ஜலாலுதீன் தொங்கிய நரம்பை விரல்நுனியால் தொட்டான். ஈரமாக இருந்தது.

"நேத்து சாயந்தரம் அஸர் தொழுகைக்கு அப்புறம் கட்டினது" என்றார் ஒலி முகம்மது. "மூணு நாள் காயணும். கட்டிட்டுத்தான் போய்ப் படுத்தாங்க. படுத்துக்கிட்டே அந்த ஒண்ணைக் கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க மாமா?"

"எப்பவும் கேக்கறதுதான். 'போன மாசம் கொடுத்தது எப்படிப் பேசுது?'"

படிக்கல் லேசாக ஆடியது. ஜலாலுதீன் இரு கையாலும் அதைப் பிடித்து நிறுத்தினான்.

"நானா, இன்னைக்குத் தங்குவீங்களா?" என்றாள் ரபியா.

"மூணு நாள் இருப்பேன்" என்றான், நரம்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.