தாடையில் ஒரு பள்ளம்

அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் வேலை பார்த்த அந்தத் தம்பதிக்கு ஆளுக்கொரு பட்டப்பெயர் இருந்தது. அவர் ஆகாயம்; அவள் தரை. வைத்தது யாரோ, பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். ஜன்னலோரத்து அலமாரியில் இருந்த சிறகுள்ள ஆண் குளவிகள் அவர் பொறுப்பு. கதவோரத்து அலமாரியில் இருந்த சிறகில்லாத பெண் குளவிகள் அவள் பொறுப்பு. இரண்டு மேசைக்கும் சேர்த்து ஒரே ஒரு நுண்ணோக்கி. அதற்காக நடந்த சண்டைகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும்.

எல்லாம் ஒரே குடும்பத்துக் குளவிகள்தான். ஆனால் பெண்ணைப் பார்த்தால் யாரும் குளவி என்று சொல்ல மாட்டார்கள். சிவப்புக் கம்பளி போர்த்திய எறும்பு மாதிரி மணலில் விடுவிடுவென்று ஓடும். பிடித்தால் கீச்சென்று கத்தும். கொட்டினாலோ எவ்வளவு பெரிய வீரனும் அங்கேயே உட்கார்ந்துவிடுவான். ஆண் அப்படியில்லை. கறுத்த உடம்பும் புகைநிறச் சிறகுமாகப் பூவுக்குப் பூ தாவித் தேன் குடித்துக்கொண்டு திரியும். கொடுக்கே கிடையாது.

"சிறகு எங்களுக்கு, கொடுக்கு உங்களுக்கு. நம்ம வீடு மாதிரியேதான்" என்பார் அவர்.

"சிறகு இருந்து என்ன பண்ண? கடைக்கு அனுப்பினா திரும்பி வர அரை நாள் ஆகுதே" என்பாள் அவள்.

ஜாடையில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்பதால் இந்தத் துறையில் ஒரு தப்பு ஓயாமல் நடக்கும். ஒருவர் எங்கோ ஒரு பெண்ணுக்குப் பெயர் வைப்பார். இன்னொருவர் வேறெங்கோ அதன் ஆணுக்கு வேறொரு பெயர் வைப்பார். கணவனும் மனைவியும் தனித்தனி இனமாகப் புத்தகத்தில் காலம் தள்ளுவார்கள். இரண்டும் ஒன்று என்று நிரூபிக்க அந்நாளில் ஒரே வழிதான் இருந்தது. இரண்டும் சேர்ந்திருக்கும்போது கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் முதலில் வைத்த பெயர் நிற்கும், பின்னால் வைத்தது செல்லாது.

கூட வேலை பார்த்தவர்கள் பெயர்களை வாரி இறைத்தார்கள். அவரோ சந்தேகப் பிராணி. முழு வாழ்நாளில் ஒரே ஓர் ஆண் குளவிக்குத்தான் பெயர் வைத்தார். கல்யாணமான புதிதில், மனைவியின் பெயரை வைத்தார்.

"நகை போட வசதியில்லை. இதுன்னா திருடு போகாது" என்றார் கூச்சத்தோடு. அந்தக் கூச்சத்தை அவள் கடைசிவரை மறக்கவில்லை.

அவர் ஓய்வு பெற இருந்த கோடையில் அது நடந்தது. மதியச் சாப்பாட்டுக்காக அவள் பின்பக்கம் மோட்டார் அறைச் சுவரின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். மணலில் ஒரு சிவப்புப் பெண் குளவி ஓடியது. நூறு வருஷத்துக்கு முன்பே பெயர் பெற்ற இனம், அவள் அலமாரியில் பெட்டி பெட்டியாக இருந்தது. மேலிருந்து ஒரு கறுப்பு ஆண் விழுந்த மாதிரி இறங்கியது. அந்தப் பெண் குளவியைப் பிடரியில் கவ்வியது. அப்படியே அலாக்காகத் தூக்கிக்கொண்டு பறந்தது.

சுவரில் போய் ஒட்டிய ஜோடியின் மேல் அவள் காலிக் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து மூடினாள். கண்ணாடி வழியே உற்றுப் பார்த்தாள். ஆணின் சிறகில் அந்தக் கறை, இடுப்பில் அந்த மஞ்சள் பட்டை. அவர் பெயர் வைத்த இனம்.

இனி அது தனி இனமே இல்லை. அவர் உழைப்புக்கு இருந்த ஒரே அடையாளம் அவள் டம்ளருக்குள் கால் உதறிக்கொண்டிருந்தது. டம்ளரை எடுத்தால் பறந்துவிடும். பார்த்தவர் யாரும் இல்லை.

எடுத்தாள். பறந்துபோயிற்று.

ஆண் பூச்சிகள் ஆளை மாற்றிப் பிடிப்பதும் உண்டுதானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். சமாதானம் நிலைக்கவில்லை. மறுநாளும் அதே இடத்துக்குப் போனாள். அதே கறுப்பு ஆண், அதே சிவப்புப் பெண், அதே பிடரிப் பிடி. அடுத்த நாள் இன்னொரு ஜோடி. அன்று அவளிடம் பூச்சி பிடிக்கும் சீசா இருந்தது. ஜோடியைப் பிடித்த பிடியோடு அதில் அடைத்து, உள்ளே கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்தாள்.

அவர் நுண்ணோக்கியில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. அவள் கதவோரத்து அலமாரியில் சாய்ந்து, இருந்த இடத்திலிருந்து அசையாமல் நின்றாள்.

"ஏம்மா, எங்கே பிடிச்சான்? இடுப்பையா, கழுத்தையா?"

"கழுத்தைங்க."

"சரியாப் பார்த்தியா?"

"மூணு நாளாப் பார்க்கிறேன்."

மூணு நாளா என்று அவர் கோபிக்கவில்லை. அந்த வார்த்தை அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. "இங்கே வா, வா. இதைப் பாரு" என்று நாற்காலியை அவளுக்கு விட்டார். நுண்ணோக்கியை அவர் தானாக விட்டுக்கொடுத்தது அதுவே முதல் தடவை.

அந்த ஆணின் கீழ்த்தாடையில் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. வேறு எந்த ஆணுக்கும் கிடையாது. இது புது இனம் என்று அவர் சாதித்ததே அந்தப் பள்ளத்தை வைத்துத்தான். எதற்கு இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை. "பயன் புலப்படவில்லை" என்று கட்டுரையில் எழுதியிருந்தார். இப்போது அந்தப் பள்ளத்துக்குள், செய்துவைத்த மாதிரி, பெண்ணின் கழுத்து அச்சாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது.

"இவன் தனி ஆள்னு காட்ட நான் எதைப் பிடிச்சேனோ, அதாலதான் அவளை இவன் பிடிச்சிருக்கான்!" என்று மேசையைத் தட்டினார். "எத்தனை தலைமுறை, எத்தனை லட்சம் ஆணுங்க நழுவவிட்டிருப்பானுங்க! நழுவவிடாதவனோட பிள்ளை, அவன் பிள்ளைன்னு வந்து வந்து... பாரேன், நசுக்கவும் இல்லை, விடவும் இல்லை."

"உங்க பேரு போச்சேங்க" என்றாள் அவள்.

"என் பேரா? உன் பேருதானே போச்சு" என்று சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "யோசிச்சுப் பாரு. இத்தனை வருஷமா உன் பேரை ஒரு ஒண்டிக்கட்டைக்கு வெச்சிருந்தேன். அது மட்டும் நல்லாவா இருந்துச்சு?"

பிரிவின் தலைவிக்கு மனம் கேட்கவில்லை. "ஓய்வு பெறுற நேரத்துல இருக்கிற ஒண்ணையும் நீங்களே அழிக்கணுமா சார்? பின்னாடி யாராவது கண்டுபிடிச்சா கண்டுபிடிச்சுட்டுப் போறாங்க" என்றாள்.

"அழிக்கலை மேடம். கல்யாணம் பண்ணி வைக்கிறேன்."

இரண்டும் ஒன்றுதான் என்று எழுதிய புதுக் கட்டுரையில், தன் பெயருக்கு முன்னால் மனைவியின் பெயரைப் போட்டார். அந்தத் துறையில் பூச்சியின் பழைய பெயர்ச் சீட்டைக் கிழிக்கும் வழக்கம் இல்லை. குத்தி வைத்த ஊசியிலேயே, அதற்குக் கீழே புதுச் சீட்டைச் செருக வேண்டும். தன் ஆண் குளவி ஒவ்வொன்றுக்கும் அவரே அப்படிச் செய்தார். பிறகு அந்தப் பெட்டிகளைச் சுமந்துபோய்க் கதவோரத்து அலமாரியில், சிவப்புப் பெண்களுக்குப் பக்கத்தில் அடுக்கினார். "ஆகாயம் தரைக்கு வந்துடுச்சு" என்று பிரிவே கேலி செய்தது. அவர் காதில் போட்டுக்கொண்டால்தானே? ஓய்வு நாள்வரை மதியமானால் மோட்டார் அறைப் பக்கம் மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுவார். பேன்ட்டெல்லாம் மண்ணாக்கிக்கொண்டு வருவார்.

அவருடைய அக்கா, மனதில் பட்டதைப் பட்டென்று கேட்கிறவள், அதற்குப் பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டா, பெண்டாட்டி பேர்ல ஒரு பூச்சி இருந்துச்சே, அதையும் எடுத்துட்டியாமே? கொடுத்ததைப் பிடுங்குற புத்தி உனக்கு எங்கேருந்துடா வந்துச்சு?"

"உட்காருக்கா. கையைக் கொடு" என்றார் அவர். விரலை வளைத்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினார். "இவ்வளவுதான் இடம். இதுக்குள்ள அவ கழுத்து. இறுக்கினா செத்துப்போவா, தளர்த்தினா விழுந்துடுவா. அப்படியே தூக்கிட்டுப் பறக்கிறான்."

"விடுடா, பைத்தியக்காரா" என்றாள் அக்கா. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் அந்த விரல்களையே பார்த்துவிட்டு, "அவ கனமா இருந்தா என்னடா பண்ணுவான்?" என்று கேட்டாள்.

"அப்படிக் கேளு!" என்று அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

உள்ளே அவள் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கதவோரம் வந்து நின்றாள், தெரிந்த கதைதான் என்றாலும்.