மெழுகு பூசாத சிவப்பு

முற்றத்துச் சுவர் கறுத்துக்கொண்டு வருவதை முதலில் பார்த்தவன் நான்தான். எங்கள் எஜமான் நுமீசியுஸின் மகள் கல்யாணத்துக்கு நான் தீட்டிய சிவப்பு. ஹிஸ்பானியாவிலிருந்து கப்பலில் வந்த சாதிலிங்கம், விலை உயர்ந்த சிவப்புக் கல்; எஜமானே நிறுத்துத் தந்த பொடி. முப்பதே நாளில் வெயில் பட்ட இடமெல்லாம் அடுப்புக்கரி.

காரணம் எனக்குத் தெரியும். வெயில் படும் சாதிலிங்கத்தின் மேல் சூடான மெழுகு தேய்த்தாக வேண்டும். இரண்டு நாள் வேலை. கல்யாண அவசரத்தில், எவன் கவனிக்கப் போகிறான் என்று விட்டுவிட்டேன். வெறும் சோம்பேறித்தனம். அதற்கு அடிமைக்குக் கிடைப்பது மாவு ஆலையில் கல் தள்ளும் வேலை. அங்கே போனவன் இரண்டு கோடை தாண்டியதில்லை.

எஜமான் மெழுகைப் பற்றி நினைக்கவே இல்லை.

"எவனோ பொடியில சுண்ணாம்பக் கலந்து மிச்சத்த வித்துட்டான். தகட்டக் காய்ச்சுங்கடா!"

சாந்து பூசும் சுனேரோஸ் என் காதருகே குனிந்தான். ஏழு வருடமாக ஒரே சாரத்தில் நிற்கிறோம்.

"என்னண்ணே, மிச்சப் பொடிய நீதான் தின்னுட்டியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சுவரைச் சுரண்டிய தூளைப் பழுக்கக் காய்ந்த இரும்புத் தகட்டில் கொட்டினார்கள். சுத்தச் சாதிலிங்கம் சூட்டில் கறுக்கும், ஆறினால் சிவக்கும். கலப்படம் கறுத்தே கிடக்கும். ஆனால் சுவரைச் சுரண்டினால் பூச்சிலிருக்கும் சுண்ணாம்பும் சேர்ந்துதானே வரும்? அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், பிறகு சுவர் ஏன் கறுத்தது என்பார்கள்.

தூள் ஆறியது. சிவக்கவில்லை.

"உங்க ரெண்டு பேருல எவன்டா?" என்றார் எஜமான்.

கை தானாக எழுந்தது என்று சொல்ல ஆசைதான். பொய். நானேதான் தூக்கி சுனேரோஸைக் காட்டினேன்.

"இவன்தாங்க எஜமான். பொடிக் கிண்ணத்த இவன் தூக்கிட்டுப் போனத என் கண்ணால பாத்தேன்."

சுனேரோஸ் கறுத்த சுவரை உற்றுப் பார்த்தான். இரண்டு பேர் அவன் கைகளைப் பின்னால் கட்டினார்கள். என்னைக் கடக்கும்போது அவர்களுக்குக் கேட்காமல் சொன்னான்:

"நீ தீட்டுன எதிர்ச் சுவரு நிழல்ல இன்னும் செவப்பாத்தாண்ணே இருக்கு. இன்னிக்காவது மெழுகப் போட்டுடு. அதுவும் கறுத்தா, நீ கை காட்டிவிட நான் இருக்க மாட்டேன்."