லாக்கெட்டின் காலிப் பக்கம்

விட்பி ஊர்த் தேவாலயத்தில் டெரிக்குக்கு இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி படியில் உருண்டு செத்துப் பத்து மாதம்தான் ஆகிறது; உருண்டாளா, உருட்டினானா என்று ஊரே தேநீரோடு மென்றுகொண்டிருந்தது. செத்தவளின் தங்கை ரோவினா மண்டையோட்டு மோதிரங்களும், அக்காவின் முடி வைத்த, திறந்து மூடும் கறுப்பு லாக்கெட்டுமாக வந்து நின்றாள். புதுப்பெண்ணை எப்படியாவது எச்சரித்துவிட வேண்டும் அவளுக்கு.

“இதென்ன சாவு வீடா? கழட்டிட்டு உள்ள வா,” என்றாள் டெரிக்கின் தாய்.

“கழட்டிடறேன் அத்தை.”

கழற்றியவள், காரிலிருந்து இறங்கிய மணப்பெண்ணின் கையில் லாக்கெட்டை வைத்தாள்.

“ஒரு பக்கம் எங்கக்கா முடி, கண்ணு. இன்னொரு பக்கம் காலியாத்தான் இருக்கு.”

உள்ளே ஆர்கன் ஒலித்தது. பெண் லாக்கெட்டைப் பூச்செண்டுக்குள் மறைத்துக்கொண்டாள். படியேறும்போது மட்டும் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள்.