கை மட்டும்

இடது கையை முடித்துவிட்டு மகள் வலது கைக்கு வந்தாள். பஞ்சை நகச்சாயம் அழிக்கும் திரவத்தில் நனைத்து, அம்மாவின் சுண்டுவிரல் நகத்தின் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தாள். பிறகு ஒரே இழுப்பு. கருஞ்சிவப்பு பஞ்சுக்கு வந்தது.

ஆள்காட்டி விரலில் வேலை இல்லை. அந்த ஒரு நகத்தை ஆஸ்பத்திரியில் நர்ஸ் துடைத்திருந்தாள். விரலில் கிளிப் மாட்ட வேண்டும், சாயம் இருந்தால் மெஷின் சரியாகக் காட்டாது என்றாள். துடைத்த பிறகும் மெஷின் நல்லதாக எதையும் காட்டவில்லை.

"விடேன்டி, இருக்கட்டும்" என்றாள் அத்தை. அப்பாவின் அக்கா. விடிந்ததும் வந்துவிட்டாள். வந்ததிலிருந்து வீடு அவள் கையில்தான் இருந்தது. கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டதும் அவள்தான், நாற்காலிக்கும் குளிர்பெட்டிக்கும் சொல்லி அனுப்பியதும் அவள்தான். "கலர் நல்லாத்தானே இருக்கு. போறப்போ அழகாப் போகட்டுமே."

"இது அம்மா கலர் இல்ல அத்தை."

"பின்ன யாருது?"

"டிவில வர்றவளுது."

அத்தை குனிந்து பார்த்தாள். தினமும் அந்த சீரியலைப் பார்க்கிறவள். "அட, ஆமாம்" என்றாள்.

சீரியலின் கதாநாயகி ஓர் ஓவியர். அவளாக நடித்த பெண்ணுக்கு ஒரு கோடு நேராக வராது. மூன்று வருஷமாக அவள் வரைந்ததாக வந்த படமெல்லாம் அம்மா வரைந்தது. கதாநாயகி வரைகிற காட்சி வந்தால் கம்பெனி வண்டி வந்து அம்மாவை அழைத்துப்போகும். அன்றைய வேலைத்தாளில் 'கை மட்டும்' என்று எழுதியிருக்கும். நடிகையின் மோதிரம், நடிகையின் நகச்சாயம், நடிகையின் சட்டைக்கை. கேமரா முழங்கைக்கு மேலே ஏறாது.

"முழங்கைக்குக் கீழ நானும் ஸ்டார்டி" என்பாள் அம்மா.

வரைந்து முடித்ததும் மூலையில் கையெழுத்துப் போட வேண்டும். கதாநாயகியின் கையெழுத்து. கடைசி எழுத்துக்கு நீளமாக ஒரு வால். அதை அம்மா கரண்ட் பில்லுக்குப் பின்னால் போட்டுப்போட்டுப் பழகினாள். இல்லாத ஒருத்தியின் கையெழுத்து, தன் கையெழுத்தைவிட வேகமாக வர ஆரம்பித்தது.

டைட்டிலில் எல்லோர் பெயரும் ஓடும். விக் செய்தவர், நகை இரவல் தந்த கடை, டீ சப்ளை. அம்மா பெயர் இல்லை. கேட்டால் கம்பெனி மேனேஜர் "ஆகட்டும்க்கா" என்பார். அம்மா அவருக்கு 'ஆகட்டும்' என்றே பெயர் வைத்துவிட்டாள். 'ஆகட்டும் போன் பண்ணினார்', 'ஆகட்டும் வண்டி அனுப்பறாராம்' என்றுதான் வீட்டில் பேச்சு.

மகளுக்கு அதில் ஒட்டுதல் இல்லை. அவள் பல் லேபில் வேலை செய்கிறாள்; செயற்கைப் பல் செய்கிற வேலை. ஒரு நாள் சாப்பிடும்போது, "நான் செய்யிற பல்லுல என் பேரா எழுதியிருக்கு? ஊரே அதை வெச்சு மென்னுக்கிட்டு இருக்கு" என்றாள்.

அம்மா தட்டிலிருந்து தலை தூக்காமல், "உன் பல்லுல வேற எவ பேரும் எழுதலையே" என்றாள்.

அதற்குப் பிறகு மகள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வாசலில் வண்டி நின்றது. இரண்டு பேர் பெரிய மலர்வளையம் ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து உள்ளே கொண்டுவந்தார்கள். நேராகக் கொண்டுவந்தால் கதவில் நுழையாது. குறுக்கே பட்டுத்துணியில் கம்பெனியின் பெயர், தங்க எழுத்தில். யாருக்கு என்பது அதில் இல்லை.

பின்னால் ஆகட்டும் வந்தார். மகள் அவரைக் குரலில் மட்டுமே அறிவாள். ஆள் குரலைவிடச் சின்னவராக இருந்தார். கால்மாட்டில் நின்று தலை குனிந்தார். கண் கலங்கியிருந்தது, நடிப்பு இல்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா ஒரு நாள் லேட்டா வந்ததில்ல சார்" என்றார். அப்பா தலையாட்டினார். அத்தை தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்தார். மணி பார்த்தார். பஞ்சும் கையுமாக உட்கார்ந்திருந்த மகள் அதைக் கவனித்தாள்.

"சொல்லவே கூசுதும்மா" என்று அவர் அவள் பக்கம் நாற்காலியை நகர்த்தினார். "இன்னைக்குக் கடைசி எபிசோட். இப்போ எடுத்து சாயங்காலமே போகணும். கண்காட்சி சீன். அக்கா பெரிய படம் ஒண்ணை முடிச்சு வெச்சிருக்கேன்னு சொல்லியிருந்தாங்க."

"உள்ள இருக்கு. கையெழுத்து இன்னும் போடல."

கையெழுத்தைக் கேமரா முன்னால் போடுவதாக இருந்தது. அதற்காகத்தான் முந்தின நாள் காலையிலேயே அம்மா அவசரமாகச் சாயம் பூசினாள். பூசிக் காய்ந்ததும் மாடியில் துணி எடுக்கப் போனாள். பாதிப் படியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

"அதை நம்ம பசங்க யாராவது போட்டுருவாங்க. குளோசப்புக்குப் பழைய ஷாட் கிடக்கு. அக்கா கை எங்ககிட்ட நிறைய இருக்கும்மா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. தம்ளரைக் கீழே வைத்தார்.

மகள் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டாள். "டைட்டில்ல அம்மா பேர் வரணும் சார்."

"ஆகட்டும்மா. அதுக்கென்ன."

அத்தைக்குக்கூட அந்தச் சொல் தெரியும். தம்பியைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

"இன்னைக்கு வரணும்."

"இன்னைக்குன்னா..." அவர் மென்று விழுங்கினார். "நான் என்னம்மா, சின்ன ஆளு. கதைப்படி வரையறது ஹீரோயின். கீழ வேற ஒருத்தர் பேரைப் போட்டா ஜனங்களுக்குச் சப்புன்னு போயிடும்னு டைரக்டர் நினைக்கிறாரு."

"ஹீரோயின் முடி விக்கு. விக்குக்காரர் பேரு வருது. அப்போ சப்புன்னு போகலையா?"

"அது விக்கா!" என்றாள் அத்தை. சாவு வீடு என்பது நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா முதல் தடவையாக வாய் திறந்தார். "குடுத்தனுப்பிடும்மா. அவளை நடுவுல வெச்சுக்கிட்டு பேரம் வேண்டாம்."

"பேரம் இல்லப்பா. காசு கேக்கல. அம்மா மூணு வருஷமா கேட்டதைத்தான் கேக்கறேன். இன்னைக்கோட சீரியல் முடியுது. நாளைக்கு யார்கிட்ட போய்க் கேக்கறது?"

அப்பா எழுந்துபோய் அறைக்கதவை ஒட்டி ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். படம் இருந்த அறை. அதை மேனேஜரும் பார்த்தார்.

"டைரக்டர் சரின்னு சொல்லணும்மா."

"போன் போடுங்க."

அவர் செருப்பு அடுக்கின் அருகே போய் நின்று பேசினார். குரலைத் தாழ்த்தினாலும் ஹால் முழுக்கக் கேட்டது. "ஆமா சார், சாவு வீட்லதான்... படம் இருக்கு சார், பொண்ணு குடுக்க மாட்டேங்குது... இல்ல சார், அதெல்லாம் கேக்கல. பேர்தான்... சார், வேற படம் இப்போ யார் சார் வரைவா?" பிறகு நீண்ட நேரம் "சார், சார்" என்று மட்டும்.

திரும்பி வந்தபோது நெற்றியில் வியர்வை. "சரின்னுட்டாரு. எடிட்டிங்குக்கு நான் பேரை அனுப்பணும்."

"தனியா வரணும். ஓவியங்கள்னு போட்டு. நன்றி லிஸ்ட்ல டீ சப்ளையோட சேத்துறாதீங்க."

"தனியாத்தாம்மா." போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தவர் நிறுத்தினார். கட்டிலைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "அக்காவோட... முழுப் பேர்?"

அவர் போனில் அம்மா 'பெயின்டிங் அக்கா'.

மகள் சொன்னாள், இனிஷியலோடு, நிறுத்தி நிறுத்தி. அவர் தட்டினார். அவள் போனை வாங்கிப் படித்தாள். சரியாக இருந்தது.

"அனுப்புங்க."

அனுப்பினார்.

அப்பா நாற்காலியை நகர்த்தினார். படத்தை இரண்டு பேர் சேர்ந்துதான் வெளியே எடுக்க முடிந்தது. மாடியில் ஒரு துணிக்கொடி. காய்கிற சட்டைகள். பின்னால் பாசி பிடித்த சுவர், பாதிப் படத்துக்கு மேல் பச்சையாக. அப்பா படத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

"இது என் சட்டை" என்றார்.

பை கிழிந்து தொங்கிய கட்டம் போட்ட சட்டை. தைத்துத் தரச் சொல்லி அம்மாவிடம் அவர் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தது.

"மூலையில யாரும் எதுவும் எழுதக் கூடாது சார்" என்றாள் மகள். "படம் திரும்பி வரணும்."

"எழுதலம்மா. தூரத்துல மூலை தெரியாது. படம் உங்களுக்குத்தான்." அவர் ஒரு முறை கட்டிலைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். மலர்வளையத்தை ஓரமாக வைக்க இடம் இல்லாமல் அத்தை அதை டிவி மேல் சாய்த்து வைத்தாள்.

பகல் முழுக்க ஆட்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், போனார்கள். மகள் ஒவ்வொருவரிடமும் அம்மா படியில் உட்கார்ந்ததைச் சொன்னாள். வலது கையில் கட்டைவிரல் மட்டும் பாக்கி. தொடங்கும்போதெல்லாம் யாராவது வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

சாயங்காலம் சீரியல் நேரம் நெருங்கியது. அவள் எழுந்துபோய் டிவியின் மேலிருந்த வளையத்தை எடுத்துக் கீழே வைத்தாள்.

"என்னடி செய்யிறே?" என்றாள் அத்தை. "சாவு வீட்டுல டிவியா? ஊர் சிரிக்கும்."

"போடட்டும்" என்றார் அப்பா. "சத்தம் வேண்டாம்."

சத்தம் இல்லாமல் ஓடியது. நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. வாசலில் நின்றவர்களும் உள்ளே வந்தார்கள். பெரிய கூடம், விளக்குகள், நல்ல உடுப்பில் ஆட்கள். சுவரில் அம்மாவின் பச்சைச் சுவர். கண்ணாடி போட்ட ஒருவர் படத்தின் முன்னால் நின்று கையை விரித்து என்னவோ வியந்தார்.

"என் சட்டையைத்தான் சொல்றான்" என்றார் அப்பா பக்கத்திலிருந்தவரிடம். அவருக்குப் புரியவில்லை. அப்பா விளக்கவும் இல்லை.

பிறகு கை வந்தது. திரை முழுக்கக் கை. கருஞ்சிவப்பு நகங்கள், மோதிரம், தூரிகையை நுனிக்கு அருகில் பிடிக்கிற பிடி. கை அவசரப்படாமல் எழுதியது. கடைசி எழுத்துக்கு வாலை இழுத்தது. தூரிகையைத் தூக்கும்போது மணிக்கட்டு லேசாக நடுங்கியது. அம்மாவுக்கு இரண்டு வருஷமாக இருந்த நடுக்கம்.

"என்ன கை பாரு அந்தப் பொண்ணுக்கு" என்றாள் எதிர்வீட்டம்மா. "வரையறதுக்குன்னே பொறந்த கை."

அத்தை எதிர்வீட்டம்மாவை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு கட்டிலைப் பார்த்தாள். எதிர்வீட்டம்மாவும் அந்தத் திசையில் பார்த்தாள். என்னவென்று விளங்காமல் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

பெயர்கள் ஓட ஆரம்பித்தன. மகள் திரையை ஒட்டி நின்றாள். முதல் பெயர் பாதி ஏறுவதற்குள் மொத்தமும் சுருங்கி ஒரு மூலைக்குப் போனது. மீதித் திரையில் நாளை தொடங்கப்போகிற புதிய சீரியலின் கதாநாயகன் மோட்டார் சைக்கிளில் வந்தான். மூலையில் பெயர்கள் எறும்பு மாதிரி வரிசையாக மேலே ஏறின. அவள் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோனாள். பல்லின் நிறத்தில் அரைக்கால் வித்தியாசம் பார்த்துப் பழகிய கண்.

விக். நகை. டீ.

அதற்கப்புறம் ஒரு வரி, தனியாக.

போனது. மோட்டார் சைக்கிள்காரன் சிரித்தான். விளம்பரம் வந்தது.

"வந்துச்சா?" என்று கேட்டார் அப்பா.

"வந்துச்சுப்பா."

"என்னன்னு?"

"ஓவியங்கள்னு போட்டு."

"தனியாவா?"

"தனியா."

"நான் பாக்கலையே" என்றாள் அத்தை. "அந்த பைக்குக்காரன் மேல கண்ணு போயிடுச்சு. பாவி." சுற்றிலும் கேட்டாள். யாரும் பார்க்கவில்லை. "பரவால்ல, நாளைக்கு மதியம் மறுபடி போடுவான். எல்லாம் முடிஞ்சு வந்துருவோம்ல. நான் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு உக்காந்துடறேன்."

அப்பா தலையாட்டினார். மகள் டிவியை நிறுத்தினாள்.

குளிர்பெட்டி வந்துவிட்டது. கொண்டுவந்த இருவர் வயரை எங்கே சொருகுவது என்று கேட்டார்கள். அத்தை அவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு மகளைப் பார்த்தாள். அவள் கட்டிலருகே உட்கார்ந்து பஞ்சை நனைத்தாள். கட்டைவிரல். அழுத்தினாள், இழுத்தாள். சிவப்பு வந்தது. அடியில் நகக்கண்ணில் பச்சை இருந்தது. படத்துச் சுவரின் பச்சை. அம்மா கை கழுவாமல் அதன் மேலேயே சாயத்தைப் பூசியிருக்கிறாள்.

"இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கு பாரு" என்றாள் அத்தை. "துடை."

"இருக்கட்டும் அத்தை" என்று சொல்லி மகள் பாட்டிலை மூடினாள்.