கம்பிக்கால்

இடுப்பு இரண்டு நாளாகவே என் பேச்சைக் கேட்கவில்லை. குனிந்தால் நிமிராது, நிமிர்ந்தால் குனியாது. கம்பி கட்டுகிற வேலை அப்படி. காலையில் பலகைமேல் குனிந்தவன் பொழுது சாயும்போதுதான் நிமிரவேண்டும். கட்டுக்கம்பியைச் சுற்றி, கொக்கியை மாட்டி, இரண்டு முறுக்கு, அடுத்த முடிச்சு. எண்ணிப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஆயிரத்தைத் தாண்டும். கான்கிரீட் போடுகிற அன்றைக்காவது முதுகை எதன்மேலாவது சாய்க்கலாம் என்று தண்ணீர்த் தொட்டியின் ஈரச் சுவரில் சாய்ந்தேன். "அப்பாடா" என்று வாய் முணுமுணுத்த அதே நொடியில் மேலே கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்குகிற வைப்ரேட்டரின் சத்தம் மாறியது. கொர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது ஒரு முறை கீச்சிட்டது. பிறகு எஞ்சின் மட்டும் வெறுமனே ஓடியது.

கான்கிரீட் நடக்கிற இடத்தில் சத்தம் இருக்கிறவரைக்கும் பயமில்லை. நின்றால்தான் பயம். ஏணியில் ஏறிப் போனேன். பாதி மாடி நிரம்பியிருந்தது. நடு பீமுக்குள் விட்ட வைப்ரேட்டர் ஊசி கம்பிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ள, இரண்டு பேர் சேர்ந்து இழுத்திருக்கிறார்கள். ஊசி வெளியே வந்துவிட்டது, ஆனால் குழாய்க்குள் சுழலும் தண்டு அறுந்துவிட்டது. மாட்டிய இடத்தைப் பார்த்ததும் எனக்கு முகம் சூடேறியது. மூன்று விரல் இடைவெளி விடவேண்டிய இடத்தில் இரண்டு விரல்கூட இல்லை. நேற்று இடுப்பு வலியில் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நான் நெருக்கிக் கட்டிய இடம்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இருபது வருஷம் தலையில் சட்டி சுமந்தவள் அவள். இந்த வீடுதான் அவள் சொந்தமாக எடுத்த முதல் காண்ட்ராக்ட். "பொம்பளைக்கிட்ட சிலாப்பக் குடுக்கிறீங்களே" என்று வீட்டுக்காரரிடம் நாலு பேர் சொல்லியிருந்தார்கள். பழசும் புதுசும் ஒட்டாமல் நடுவில் ஜாயிண்ட் விழுந்து ஒழுகினால், உடைத்துத் திரும்பப் போடுவது ஒரு பக்கம். இன்னொரு வீடு அவளுக்குக் கிடைக்காது என்பதுதான் பெரிய பக்கம்.

"ஒரு மணி நேரம் தாங்கும்," என்றாள் ஈரச் சாக்கைக் கான்கிரீட்டின் விளிம்பில் போர்த்திக்கொண்டே. "அதுவரைக்கும் கம்பியால குத்திக்கிட்டு இருக்கோம். அதுக்கு மேல போனா போட்டதும் இனிப் போடுறதும் ஒட்டாது. வாடகைக் கடைக்குப் போயி வேற குழாய் வாங்கிட்டு வா."

"எதுலக்கா போறது?"

ஆட்களை இறக்கிவிட்ட வேன் காலையிலேயே போய்விட்டது. இருந்த ஒரே வண்டி மாமாவுடையது. மாமா என்றால் அக்கா புருஷன், கலவை மிஷின் ஓட்டுகிறவர். முந்தின நாள் கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பும்போது அது திருப்பி அடித்ததில் வலது மணிக்கட்டு வீங்கி, துணிக்கட்டுப் போட்டு நெஞ்சோடு வைத்திருந்தார். மிஷினை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு ஜல்லிக் குவியலில் உட்கார்ந்து எல்லோருக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருடைய மோட்டார் சைக்கிள் என்னைவிட ஆறு வயது மூத்தது. அதை வேறு யாரும் தொட்டதில்லை, அவர் விடவும் மாட்டார். இன்றைக்குச் சாவியை எடுத்து நீட்டிவிட்டு, அறுந்த குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரே பின்னால் ஏறிக்கொண்டார்.

"நல்லாக் கேளு மாப்ள. வலது காலு கியரு. இடது காலு பிரேக்கு. முதல் கியரு மேல தூக்கணும், மத்ததெல்லாம் கீழ மிதிக்கணும். நீ இதுவரைக்கும் ஓட்டுன வண்டிக்கெல்லாம் நேர் எதிரு."

"முன் பிரேக்கு?"

"பேருக்கு இருக்கு. புடிச்சா காத்து வரும்."

"ஏன் மாமா இப்படி ஒரு வண்டிய வச்சிருக்கீங்க?"

"உங்க அக்காவக் கட்டி குடும்பம் நடத்துறவன் நான். எனக்கு எதிருதான் பழக்கம். உதை!"

முதல் உதைக்கு உதைகோல் திருப்பி என் கெண்டைக்காலை அடித்தது. இரண்டாவதுக்கு இருமியது. மூன்றாவதுக்கு டப் டப்பென்று பிடித்துக்கொண்டு, இருக்கை, கைப்பிடி, என் பல் எல்லாவற்றையும் சேர்த்து ஆட்டியது. கிளம்பினோம். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, பள்ளத்திலிருந்து இன்னொரு மேட்டுக்கு, அதைத் தாண்டி வளைந்து வளைந்து இறங்கும் சாலை. மொத்தம் பதினோரு கிலோமீட்டர். அந்த எஞ்சினுக்கு இறக்கம் என்றால் கொண்டாட்டம். காற்று சட்டைக்குள் புகுந்து முதுகில் மூட்டை கட்டியது. இடுப்பு வலி எங்கே போனதென்றே தெரியவில்லை.

இரண்டாவது வளைவில் ஜல்லி லாரி எங்கள் பக்கத்திலேயே ஏறி வந்தது. பாதிச் சாலை அவனுக்குப் போதவில்லை. என் மூளை பிரேக் என்றது. பத்து வருஷம் பழகிய என் வலது கால் முழு பலத்தோடு மிதித்தது. மிதித்தது கியரை. மூன்றாவதில் இருந்த வண்டி நாலுக்குப் போய், கட்டவிழ்த்த மாடு மாதிரி லாரியை நோக்கி ஓடியது. நான் இன்னும் பலமாக மிதித்தேன். நாலுக்கு மேல் அது எங்கே போகும்? பின்னால் மாமா, "அது கியருடா, கியருடா, கியருடா!" என்று கத்துகிறார். லாரிக்கும் இடது பக்கப் பாறைச் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. அதைப் பார்த்து வண்டியைத் திருப்பினேன். லாரிச் சக்கரத்தின் சூடு என் முழங்காலில் பட்டது. இடது கைப்பிடி பாறையில் உரசி ஒரு பொறி பறந்தது. அப்புறம் லாரி இல்லை, சாலை மட்டும் இருந்தது, நாங்கள் இருந்தோம்.

கொஞ்ச தூரம் போய் எப்படியோ நிறுத்தினேன். பிறகு மாமா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்து அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்தது.

"உன் காலுக்குப் புத்தி சொல்லிப் பிரயோசனம் இல்ல. இந்தா, நீட்டு இங்க."

என் இடுப்பில் செருகியிருந்த கட்டுக்கம்பிக் கற்றையிலிருந்து நாலு இழையை உருவினார். என் இடது கணுக்காலைச் சுற்றி, என்னுடைய கொக்கியையே வாங்கி, இடது கையால் முறுக்கினார். கால்சட்டைத் துணிக்கு மேல்தான், ஆனாலும் எலும்பில் கடித்தது.

"வலிக்குது மாமா."

"வலிக்கணும். வலிக்கிற காலு பிரேக்கு. அந்தக் காலத்துப் பட்டாளத்துல இடது வலது தெரியாதவனுக்கு ஒரு கால்ல ஓலையும் ஒரு கால்ல சீலையும் கட்டி, ஓலைக்கால் சீலைக்கால்னு நடக்கப் பழக்குவாங்களாம். உனக்குக் கம்பிக்கால். நான் கம்பின்னா யோசிக்காத, மிதி. அவ்வளவுதான்."

வேலை செய்தது. அதன் பிறகு வண்டியை ஓட்டியது நான் மட்டுமில்லை, கண் அவருடையது, கால் என்னுடையது. வெள்ளைக்கோடு போடாத வேகத்தடை: "கம்பி!" மழைத்தண்ணீர் தேங்கி ஆழம் தெரியாத குழி: "கம்பி!" வளைவில் சிந்திக் கிடந்த மணல்: "கம்பி, கம்பி, மெதுவா, இப்ப விடு!" சாலையின் நடுவில் படுத்துக்கொண்டு எங்களை எடைபோட்ட ஒரு நாய்க்கும் கம்பிதான். ஒவ்வொரு முறையும் இடது கால் தானாக இறங்கியது, பின்சக்கரம் முனகியது, தப்பித்தோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அக்காவின் கான்கிரீட் அங்கே இறுகிக்கொண்டிருக்க, நான் செய்த தப்பால் இறுகிக்கொண்டிருக்க, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டு நாள் முழுக்கத் தரையைப் பார்த்துக் குனிந்து கிடந்தவனுக்கு முன்னால் இவ்வளவு சாலை.

வாடகைக் கடைக்காரர் அறுந்த குழாயைத் தூக்கிப் பார்த்தார். "ஊசிய வச்சு என்ன பண்ணீங்க, பல்லு குத்துனீங்களா?"

"கம்பிக்குள்ள மாட்டிக்கிச்சுண்ணே," என்றேன்.

"கம்பி கட்டுனவனக் கூட்டிட்டு வந்து கேளுங்க."

"கூட்டிட்டுத்தான் வந்திருக்கேன்," என்றார் மாமா என்னைக் காட்டி.

நல்ல குழாய் ஒன்றைக் கொடுத்தார். மனிதக் கை பருமன், இரண்டு ஆள் நீளம். மாமா அதைத் தோளிலும் வயிற்றிலும் சுற்றிக்கொண்டு, மலைப்பாம்பு பிடித்தவர் மாதிரி ஏறி உட்கார்ந்தார். ஊசி முனை என் விலாவில் இடித்துக்கொண்டிருந்தது. கிளம்பி முப்பத்தைந்து நிமிஷம் ஆகிவிட்டது.

ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கியது. மூன்றாவதிலிருந்து இரண்டாவது, இரண்டாவதிலிருந்து மூன்றாவது. வலது கால் இப்போது சொன்னபடி கேட்டது. மேட்டின் உச்சியைத் தொட்டதும் எதிர் மேட்டில் எங்கள் கட்டடம் தெரிந்தது. மாடி விளிம்பில் புள்ளி புள்ளியாக ஆட்கள். எல்லோரும் குனிந்து குத்திக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் நிமிர்ந்து நிற்கிற ஒரு புள்ளி அக்கா. நேரம் ஐம்பது நிமிஷம் தாண்டியிருக்கும். இறக்கத்தில் வண்டியை முழுசாக விட்டேன். கீழே ஒரு லாரி கிளப்பிவிட்டுப் போன செம்புழுதி சாலையை மறைத்து நின்றது. நான் புழுதியைப் பார்க்கவில்லை, மாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கம்பி!" என்று மாமா அலறினார்.

கால் இறங்கிவிட்டது. என்ன ஏதென்று கண் பார்ப்பதற்கு முன்பே இறங்கிவிட்டது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, வண்டி வால் பக்கம் வழுக்கி, சாலைக்குக் குறுக்கே திரும்பியது. அப்போதுதான் பார்த்தேன். புழுதிக்குள் ஒரு டிராக்டர் ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் டிரெய்லருக்கு வெளியே பின்பக்கமாக, டிரெய்லர் நீளத்துக்கும் மேல் நீட்டிக்கொண்டு, சிவப்புத் துணி ஒன்றுகூடக் கட்டாமல், கட்டுக்கட்டாகக் கம்பி. நான் தினமும் கையில் பிடிக்கிற அதே பன்னிரண்டு எம்எம். முனைகள் மேலும் கீழும் தலையாட்டிக்கொண்டு என் கழுத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போயின. மாமா சொன்னது அந்தக் கம்பியை. என் காதில் விழுந்தது காலில் கட்டிய கம்பி. "குனி" என்றோ "பாரு" என்றோ அவர் சொல்லியிருந்தால், நான் பார்த்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ஆனால் நாங்கள் குறுக்கே வழுக்கி எதிர்ப்பக்கம் போய்விட்டோம். அங்கே சைக்கிளில் ஒருவர் வந்துகொண்டிருந்தார். எங்கள்மேல் மோதாமல் ஒடித்தவர் பள்ளத்தில் இருந்த சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதினார். வண்டி நின்று, எஞ்சின் அணைந்து, புழுதி அடங்கியபோது அவர் எழுந்து நின்றிருந்தார். சட்டையெல்லாம் பெயிண்ட் புள்ளி. முழங்கையில் தோல் உரிந்திருந்தது. சைக்கிளின் முன்சக்கரம் எட்டாக நெளிந்துவிட்டது.

"கண்ணு இருக்கா உனக்கு?" என்றார். "செத்திருப்பேன்டா!"

"தப்புதாண்ணே. அங்க சிலாப் பாதியில நிக்குது. வைப்ரேட்டர் அறுந்துபோச்சு…"

அவர் மாமாவைச் சுற்றியிருந்த குழாயைப் பார்த்தார். எதிர் மேட்டில் இருந்த கட்டடத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் ஆச்சு நின்னு?"

"ஒரு மணி நேரம் ஆகப்போகுது."

"எங்க நிக்குது?"

"நடு பீம்ல."

"நடு பீம்ல நிறுத்திட்டு இங்க நின்னு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கியா? ஏறுடா!"

உதைத்தேன். பிடிக்கவில்லை. சாய்ந்ததில் பெட்ரோல் வழிந்துவிட்டது போல. மறுபடி உதைத்தேன், வெறும் இருமல். மாமா இறங்கித் தள்ளவும் முடியாது, ஒரு கை. அந்தப் பெயிண்டர் சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வந்து, இரண்டு கையையும் இருக்கைக்குப் பின்னால் வைத்து, உரிந்த முழங்கையோடு எங்கள் இருவரையும் தள்ளினார். "கிளட்ச்சப் புடி… ஓடுது… ஓடுது… விடு!" டப்பென்று பிடித்தது. "அண்ணே, உங்க சைக்கிளு…" என்று மாமா திரும்பிக் கத்தினார். "போயா யோவ்!" என்பதுதான் காதில் விழுந்தது. ஏற்றத்தில் டிராக்டரைத் தாண்டும்போது ஓட்டுகிறவனைப் பார்த்து மாமா சொன்னதை இங்கே எழுத முடியாது.

மாடிக்கு ஓடினேன். குழாயை மாட்டி எஞ்சினைக் கிளப்புவதற்குள் அக்கா சாக்கை விலக்கி, பழைய கான்கிரீட்டின் விளிம்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். குத்திக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு அவள் விரலையே பார்த்தார்கள். விரல் மெதுவாக, மெதுவாக, நகம் மூழ்கும்வரை உள்ளே போனது.

"உயிர் இருக்குடா," என்றாள். "விடு ஊசிய!"

நான் நெருக்கிக் கட்டிய இடத்தைக் கடப்பாரையால் நெம்பி அகலப்படுத்திப் பிடித்துக்கொண்டேன். ஊசி உள்ளே இறங்கியது. கொர்ரென்ற சத்தம் கம்பி வழியாக என் கைக்கு வந்து, தோளுக்கு ஏறி, இடுப்பில் போய் உட்கார்ந்தது. புதுசும் பழசும் ஒன்றையொன்று தொட்டு, குமிழி விட்டு, சிமெண்டுப் பால் மேலே வந்து, எங்கே எது முடிந்தது என்று தெரியாமல் கலந்தன. சட்டிகள் மறுபடி கை மாறின. மாமா கீழே ஜல்லிக் குவியலில் நின்று, லாரி எவ்வளவு பெரிசு என்று நல்ல கையை விரித்து எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்தபோது பள்ளத்துச் சாலை தெரிந்தது. புழுதி அடங்கியிருந்தது. பெயிண்டர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, நாங்கள் இறங்கிவந்த மேட்டில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார். எட்டான சக்கரம் அவர் முதுகுப் பக்கம் தொங்கி, அவர் அடி எடுத்துவைக்கும்போதெல்லாம் தானாக அரைச்சுற்று சுற்றி நின்றது. ஏணிப் பக்கம் ஓர் அடி வைத்தேன்.

"எங்க போற?" என்றாள் அக்கா. "கம்பி நகருது பாரு, புடி."

பிடித்துக்கொண்டேன். அந்த மனிதரின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அவருக்கு நான் ஒரு சைக்கிள் முன்சக்கரம் கடன்.