இடது ஓரத்தில் ஓர் ஆள்

மேலே கோட்டு, டை. கீழே அரை டிராயர். ஐந்து வருஷமாகத் தொலைக்காட்சியில் கால்பந்து ஆட்டங்களை அலசுகிற பெரிய மனிதரின் லட்சணம் இதுதான். மேசைக்கு மேலே இருப்பதைத்தான் கேமரா காட்டும் என்பதால் இடக்காலனுக்கு இந்தச் சலுகை. இடது முட்டி வீங்கிவிட்டால் பேண்ட் ஏறாது. பதினாறு வருஷம் ஒரே கிளப்புக்கு இடது ஓரத்தில் ஓடி ஓடித் தேய்ந்த முட்டி அது. இடக்காலன் என்பது ரசிகர்கள் வைத்த பேர். பெற்றவர்கள் வைத்த பேரை மனைவியே மறந்துவிட்டாள் என்று வீட்டில் கேலி உண்டு.

அன்று காலையிலிருந்தே மனுஷருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சட்டையை மூன்று தடவை மாற்றினார். மனைவி வாசல் வரை பின்னாலேயே வந்தாள்.

"இன்னிக்கு விருந்தாளியா கொக்கு வர்றாராமே? இங்க பாருங்க, ஊரே பாத்துட்டிருக்கும். வம்ப வெலைக்கு வாங்கிட்டு வராதீங்க."

"நான் என்ன சின்னக் குழந்தையா? கேக்க வேண்டியதக் கேப்பேன்."

"பதினோரு வருஷமா தூக்கத்துலகூட கேக்குறீங்களே, அதையா?"

"அதையேதான்."

அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். இடக்காலனின் கடைசி ஆட்டம், இறுதிப் போட்டி. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல், முடிய இன்னும் ஒரு நிமிஷம். இடது ஓரத்தில் இவர் நிற்கிறார், சுற்றிலும் ஈ காக்கை இல்லை. "கொக்கு! இங்க குடு!" என்று தொண்டை கிழியக் கத்துகிறார். நடுவில் பந்தோடு வந்த கொக்கு யாரோ எவனோ அல்ல, பத்து வருஷம் வெளியூர் ஆட்டங்களுக்கெல்லாம் இவரோடு ஒரே அறையில் தங்கிய தோழன். அந்த நெட்டைக்காலன் தலையைக்கூடத் திருப்பாமல் தானே உதைத்தான். பந்து கம்பத்துக்கு மேலே போய்த் தொலைந்தது. பிறகு பெனால்டியில் கோப்பையும் போனது.

கோப்பை போனால் போகட்டும், விடுங்கள். அந்தப் பந்து இடது காலுக்கு வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற ஏக்கம் இருக்கிறதே, அதுதான் ஆளை அரித்துத் தின்றது. குளிக்கும்போதும் பல் தேய்க்கும்போதும் அந்தப் பந்து வந்துகொண்டே இருந்தது, வந்து சேரத்தான் இல்லை. கொக்கோடு அன்றே பேச்சை அறுத்துக்கொண்டார். இன்று எல்லாரும் பார்க்க அவன் முகத்துக்கு நேரே "சுயநலம்" என்று சொல்லிவிட வேண்டும் என்பது அவருடைய திட்டம்.

ஸ்டூடியோவில் கொக்கு பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். தொப்பை போட்டிருந்தது, காதோரம் நரைத்திருந்தது. முதல் பகுதியில் இருவரும் தொகுப்பாளினியைப் பார்த்தே பேசி ஒப்பேற்றினார்கள். விளம்பரம் வந்தது.

"சார், அடுத்து அந்தக் கடைசி நிமிஷத்தத்தான் போடுறோம். குடுத்திருக்கணுமா வேணாமான்னு நீங்கதான் தீர்ப்பு சொல்லணும்," என்று இடக்காலனிடம் சொல்லிவிட்டு அவள் பவுடர் போட்டுக்கொள்ள எழுந்து போனாள். மைக்கை அணைத்தாயிற்று, மூன்று நிமிஷம் இருக்கிறது என்றது காதுக்குள் தயாரிப்பாளரின் குரல்.

கொக்கு மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தான். "இன்னும் வீங்குதா மாப்ளே?"

"நீ என்னப் பாத்தியா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

"பாத்தேன்."

பார்த்திருக்க மாட்டான் என்று மனசின் ஒரு மூலையில் இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறார் இடக்காலன்.

"பாத்துட்டுத்தான் குடுக்கலியா? அடப்பாவி!"

"அன்னிக்குக் காலைல பாத்ரூம்ல பல்லக் கடிச்சிக்கிட்டு முட்டிக்குக் கட்டுப் போட்டே. டாக்டர்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்குனே. கடைசிப் பத்து நிமிஷம் நொண்டுனே. வேற யாருக்கும் தெரியல, எனக்குத் தெரிஞ்சுது. அந்தக் காலால இன்னொரு தடவ முழு பலத்தோட உதைச்சிருந்தா, இன்னிக்கு நீ இங்க நடந்து வந்திருக்க மாட்டே."

"இதச் சொல்ல பதினோரு வருஷமாடா?"

"சொல்லியிருந்தா, கோப்ப உன்னாலதான் போச்சுன்னு நெனச்சே செத்திருப்பே. என்னத் திட்டிக்கிட்டாவது நல்லா இருன்னு விட்டுட்டேன்."

இடக்காலன் கோபத்தைத் தேடினார்; அது இருந்த இடத்தில் இல்லை. ஏக்கம் மட்டும் அசையாமல் அங்கேயே இருந்தது.

"கால் போனா போகட்டும்னுதான்டா நின்னேன்."

"தெரியும் மாப்ளே. அதான் உன் பக்கம் திரும்பல."

காதுக்குள் பத்து, ஒன்பது என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். விளக்குகள் எரிந்தன. மேசையில் பதித்த திரையில் அந்த நிமிஷம் ஓடியது. இடக்காலன் விரலால் தொட்டு நிறுத்தி, வழக்கம்போல ஒரு மஞ்சள் வட்டம் போட்டார். வட்டத்துக்குள் முப்பத்துநாலு வயசு ஆள் ஒருவன், கையைத் தூக்கி, வாயைப் பிளந்து நின்றான்.

"சொல்லுங்க சார், குடுத்திருக்கணுமா?"

"இல்லம்மா. அந்த இடத்துல அவன் செஞ்சதுதான் சரி," என்றார் இடக்காலன். "நானா இருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன்."

கொக்கு முகத்தைத் துடைத்துக்கொண்டான். படம் மறுபடி ஓடியது. மேலே கோட்டும் டையுமாகப் பெரிய மனிதர் தலையாட்டி ஆமோதித்துக்கொண்டிருந்தார். மேசைக்குக் கீழே அந்த வீங்கிய இடது கால் செருப்பை உதறிவிட்டு, உள்பாதத்தைத் திருப்பி வைத்து, பந்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது.